ஒரு நேரத்தில் ஒரு கேள்வி

என் அக்கா வீட்டுக்காரருக்கு 'விசாரணை' என்று பெயர் வைத்தது நான்தான். பஸ் நிலையத்தில் அந்தப் பலகை தொங்கும் ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறார் என்பதற்காக மட்டும் வைக்கவில்லை. எதைக் கேட்டாலும் திருப்பி ஒன்று கேட்காமல் அத்தானால் பதில் சொல்ல முடியாது. "அத்தான், மணி என்ன?" என்றால் "எதுக்கும்மா?" என்பார். எங்காவது கிளம்ப வேண்டியவள் கேட்கிறாளா, பொழுது போகாதவள் கேட்கிறாளா என்று தெரிந்தால்தான் சரியாகச் சொல்ல முடியுமாம். இதற்குள் நானே போய்க் கடிகாரத்தைப் பார்த்துவிடுவேன்.

அந்த ஜன்னலை நீங்கள் ஒரு தடவை பார்க்க வேண்டும். பேசுவதற்கென்று கண்ணாடியில் முகத்துக்கு நேராக ஒரு வட்ட ஓட்டை இருக்கிறது. கீழே பலகையை ஒட்டி, காகிதம் நீட்டுவதற்கு ஒரு சந்து. வருகிறவர்கள் எல்லோரும் குனிந்து சந்தில்தான் பேசுவார்கள். அதனால் அத்தானும் குனிந்து சந்தில் காதை வைப்பார். நாள் முழுக்க இரண்டு பக்கமும் குனிந்துகொண்டிருக்க, வட்ட ஓட்டை மேலே சும்மா கிடக்கும். சுவர் நிறையக் கால அட்டவணை. அதற்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு "பஸ் எப்பங்க வரும்?" என்பார்கள். எந்த பஸ், எந்த ஊருக்கு, எந்தக் கிழமை, ஒன்றும் சொல்ல மாட்டார்கள். நான் அந்த நாற்காலியில் இருந்தால் முதல் வாரத்திலேயே வேலை போயிருக்கும். அத்தான் முகம் சுளிக்க மாட்டார். "எங்க போகணும் ஐயா? இன்னைக்கேவா, நாளைக்கா? கூடக் குழந்தைங்க இருக்காங்களா?" என்று ஒவ்வொன்றாக உருவுவார். கேட்டவருக்கே தெரியாத கேள்வியை அவர் வாயிலிருந்தே எடுத்து, அதற்குப் பதிலும் சொல்லி அனுப்புவார். கேள்வி சரியாக அமைந்தால் பாதிப் பதில் வந்த மாதிரி என்பது அவருடைய வேதவாக்கு.

அக்காவுக்கும் அவருக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது. அவள் ஒரு பரிசோதனைக் கூடத்தில் ரத்தம் எடுக்கிறவள். ஊசியைக் கையில் எடுத்ததும் வாயைத் திறந்துவிடுவாள். "எத்தனை பசங்க உங்களுக்கு? பெரியவ என்ன படிக்கிறா? கணக்கு வருதா அவளுக்கு?" என்று கேட்டுக்கொண்டே போவாள். எதிரே இருப்பவர் மகளின் கணக்கு மார்க்கை நினைத்துப் பெருமூச்சு விடுவதற்குள் ரத்தம் குழாயில் ஏறி, ஊசி வெளியே வந்து, பஞ்சும் ஒட்டியாகிவிடும். அதோடு மறந்துவிடவும் மாட்டாள். ஆறு மாதம் கழித்து அவரே வந்தால், கையை நீட்டுவதற்கு முன்பே பெரியவள் பாஸானாளா என்று கேட்பாள்.

கல்யாணப் பேச்சின்போது அத்தான் எங்கள் வீட்டில் எல்லோருடைய கேள்விக்கும் பொறுமையாகப் பதில் சொன்னார். அப்பாவுக்கு அதிலேயே பிடித்துவிட்டது. அக்கா மட்டும் அன்றைக்கே என்னிடம், "எல்லாத்துக்கும் பதில் சொன்னார்டி. என்னை ஒரு வார்த்தை கேக்கல" என்றாள். வெட்கமாக இருக்கும் என்று நான் சமாதானம் சொன்னேன். வெட்கம் என்றால் இத்தனை வருஷத்தில் தெளிந்திருக்காதா?

இதில் சாமுராய் எங்கே வந்தான் என்று கேட்பீர்கள். காலண்டரிலிருந்து வந்தான். விசாரணை அறையில் யாரோ மாட்டிய காலண்டரில் மாதத்துக்கு ஒரு நாட்டுப் படம் இருந்தது. அந்த மாதம் ஜப்பான். உடம்பு முழுக்கக் கவசம், தலைக்கவசத்தில் இரண்டு கொம்பு, இடுப்பில் வாள். சந்தில் குனிந்த ஒருவர் நிமிரும்போது அதைப் பார்த்து, "அது யாருங்க, கொம்போட?" என்று கேட்டார். "சாமுராய்" என்றார் அத்தான். "அப்படின்னா?" என்றார் அவர். அத்தான் வாயைத் திறந்தார், ஒன்றும் வரவில்லை. அதற்குள் பஸ் வந்துவிட்டது. கேட்ட ஆள் ஓடிப்போய் ஏறிவிட்டார், கேள்வி மட்டும் அங்கேயே நின்றுவிட்டது. அந்த ஜன்னலிலிருந்து பதில் இல்லாமல் திரும்பிப் போன முதல் ஆள் அவர்தான் என்பார் அத்தான். எனக்கு நம்பிக்கை இல்லை, ஆனால் அவருக்கு அந்த வருத்தம் உண்மையானது.

அன்று சாயங்காலமே செல்போனில் தேடி, சாமுராய் வரலாறு பேசும் ஒரு தமிழ்க் குழுவில் சேர்ந்தார். சேர்ந்த கையோடு, "சாமுராய் என்றால் யார்? விளக்கவும்" என்று எழுதிவிட்டார். அங்கே இருந்தவர்கள் அவரைப் பிய்த்து உதறிவிட்டார்கள். ஒருவர் பள்ளிக்கூடம் போகச் சொன்னார். சினிமா பார்த்துவிட்டு வருகிறவர்களை ஏன் சேர்க்கிறீர்கள் என்று நிர்வாகியைக் கேட்டார் இன்னொருவர். ஒருவர் வார்த்தையே இல்லாமல் சிரிக்கிற மூஞ்சிகளாக ஒரு வரிசை போட்டிருந்தார். நாள் பூராவும் மற்றவர்களின் அரைகுறைக் கேள்வியைத் தாங்கிப் பிடிக்கிற மனிதர், தான் கேட்ட ஒரு கேள்விக்கு வாங்கிக் கட்டிக்கொண்டார். அன்று அவர் சரியாகச் சாப்பிடவில்லை என்று அக்கா சொன்னாள்.

ரோஷக்காரராக இருந்தால் அன்றே வெளியே வந்திருப்பார். இவர் உள்ளேயே உட்கார்ந்து படித்தார். பழைய உரையாடல், அவர்கள் சொன்ன புத்தகம், அந்தப் புத்தகம் சொன்ன வேறு புத்தகம் என்று ஒன்றுவிடாமல் படித்தார். மெல்ல மெல்லப் பதில் சொல்ல ஆரம்பித்தார். பழைய நிர்வாகிக்கு அலுத்துப்போனபோது, பொறுமைசாலி என்று பார்த்து அந்தப் பொறுப்பை இவர் தலையில் கட்டினார்கள்.

பொறுப்புக்கு வந்ததும் அத்தான் செய்த முதல் வேலை, கேட்பவர்களுக்கு விதிகள் எழுதியது. எந்தக் காலம் என்று சொல்ல வேண்டும். சாமுராய் எழுநூறு வருஷம் இருந்தவன், நடுவில் ஒருநாள் வந்துபோனவன் அல்ல. ஏற்கெனவே என்ன படித்தீர்கள் என்று சொல்ல வேண்டும். ஒரு நேரத்தில் ஒரு கேள்விதான். ஏன் கேட்கிறீர்கள் என்று ஒரு வரி எழுத வேண்டும். வீட்டுப்பாடமா, கதை எழுதவா, சும்மாவா? சும்மா என்றாலும் தப்பில்லை, சொல்லிவிட வேண்டும். பதில் கிடைத்ததும் திரும்பி வந்து கிடைத்தது என்று சொல்ல வேண்டும், கேள்வியை அழித்துவிட்டு ஓடக் கூடாது. பதில் சொல்கிறவர்களுக்கும் ஒன்று போட்டார்: கேட்டவரைப் பார்த்துச் சிரிக்கக் கூடாது. எனக்கு அந்தக் கடைசி விதி மட்டும் பிடிக்கும். மற்றதெல்லாம் அதற்குப் போட்ட வேலி என்று இப்போது தோன்றுகிறது.

விதி போட்டால் மட்டும் ஜனங்கள் திருந்திவிடுவார்களா? 'புலி' என்று ஒருவர் இருக்கிறார். சாமுராய்க்கும் வேறு யாருக்காவது சண்டை மூட்டிவிடுவதே அவர் பிழைப்பு. சாமுராயும் ரோமானிய வீரனும் மோதினால் யார் ஜெயிப்பார், சாமுராயும் கடற்கொள்ளைக்காரனும் மோதினால் யார் ஜெயிப்பார் என்று வாரம் தவறாமல் வருவார். அத்தான் ஒவ்வொரு தடவையும் 'வணக்கம்' போட்டு, காரணம் சொல்லி, மேற்கொண்டு யாரும் பதில் எழுத முடியாதபடி அந்தக் கேள்வியை மூடுவார்.

இந்த மரியாதையெல்லாம் குழுவோடு சரி. வீட்டில் வாசலை ஒட்டிய செருப்பு அலமாரிக்குப் பக்கத்தில்தான் சிக்னல் நன்றாகக் கிடைக்கும். வேலையிலிருந்து வந்ததும் அங்கே ஒரு முக்காலியைப் போட்டு, வெளியே கிளம்பப் போகிறவர் மாதிரி உட்கார்ந்துவிடுவார். "இன்னைக்கு எப்படிப் போச்சு?" என்று அக்கா கேட்டால் "போச்சு" என்பார். "கூட்டமா?" என்றால் "ம்." சண்டை கிடையாது, குடி கிடையாது, ஒரு கெட்ட வார்த்தை கிடையாது. வெளியே சொன்னால், தங்கமான மனுஷனை வைத்துக்கொண்டு குறை சொல்கிறாள் என்று அக்காவைத்தான் திட்டுவார்கள். நானே திட்டியிருக்கிறேன்.

அந்த நேரம் பார்த்துத்தான் அக்காவுக்கு அந்த வேலை வந்தது. பரிசோதனைக் கூடத்துக்காரர்கள் வேறு ஊரில் ஒரு கிளை திறக்கிறார்கள். புதுப் பெண்களுக்கு ஊசி பிடிக்கக் கற்றுக்கொடுத்து, எல்லாம் நிலைக்கு வரும்வரை ஒரு வருஷம் அங்கே பொறுப்பாக இருக்க வேண்டும். லீவுக்கு வந்துபோகலாம். போகிறாளா இல்லையா என்று மாதக் கடைசிக்குள் சொல்லச் சொன்னார்கள். அவளுக்கு ஆசையாகத்தான் இருந்தது. அத்தானிடம் சொன்னாள். அவர் செல்போனிலிருந்து நிமிர்ந்து பார்த்தார். "உன் இஷ்டம்" என்றார். மறுபடி குனிந்துகொண்டார்.

"உன் இஷ்டம்னா என்னடி அர்த்தம்?" என்று அக்கா என்னிடம் வந்து கேட்டாள். "நீ சந்தோஷமாப் போன்னா? இல்ல, நீ இருந்தாலும் ஒண்ணுதான், போனாலும் ஒண்ணுதான்னா? அது தெரியாம நான் எப்படிப் போறது?"

"நான் போய் நாக்கைப் புடுங்கற மாதிரி நாலு கேக்கறேன்" என்றேன்.

"நீ வாயைத் திறந்தா பக்கத்து வீட்டுக்கெல்லாம் பதில் கிடைக்கும். எனக்குக் கிடைக்காது."

செல்போனைக் கையில் எடுத்தாள். பிறகு, "ஊர் பேர் தெரியாதவங்க கேட்டாப் பக்கம் பக்கமா எழுதறார் இல்ல? அங்கயே போய்க் கேக்கறேன்" என்றாள். விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று நினைத்தேன். மறுநாளே 'ஊசி' என்ற பெயரில் குழுவில் சேர்ந்துவிட்டாள்.

முதல் கேள்வியை விதிகளைப் படிக்காமலே எழுதிவிட்டாள். "சாமுராய்கள் வீட்டை விட்டு வெளியூர் போவார்களா? போனால் மனைவி என்ன செய்வாள்? திரும்பி வரும்போது என்ன பேசுவார்கள்? போகும்போது வருத்தப்படுவார்களா?" அன்று சாயங்காலம் நான் அங்கேதான் சாப்பிட்டேன். அத்தான் அதிசயமாகச் சாப்பிடும்போது வாயைத் திறந்தார்.

"இன்னைக்கு ஒரு ஆள் வந்திருக்காங்க. ஒரே மூச்சுல நாலு கேள்வி. எந்தக் காலம்னு இல்ல, ஏன்னு இல்ல. பொறுமையே கிடையாது."

அக்கா கரண்டியோடு அப்படியே நின்றாள். "மூடிட்டீங்களா?"

"மூடினேன். விதியைப் படிச்சிட்டு வரச் சொல்லி, என்ன படிக்கலாம்னும் போட்டிருக்கேன். கேள்வி மோசமில்ல. வழக்கமா எல்லாரும் வாளைப் பத்திதான் கேப்பாங்க. வீட்டைப் பத்தி யாரும் கேட்டதில்ல."

எனக்குச் சிரிப்பை அடக்க முடியாமல் தண்ணீர் புரையேறியது. அக்கா சிரிக்கவில்லை. அவர் குழுவைப் பற்றி வீட்டில் இவ்வளவு பேசியது அதுதான் முதல் தடவை.

அவள் பிடித்தால் பிடிதான். அத்தான் சொன்னதை எல்லாம் தேடிப் படித்தாள். கூடத்தில் ஓர் ஆள் போய் அடுத்த ஆள் வருவதற்குள் நாலு வரி, பஸ்ஸில் நாலு பக்கம். என்னிடம் வந்து கதை கதையாகச் சொல்வாள். அந்த எழுநூறு வருஷத்தின் கடைசியில் எடோ காலம் என்று ஒன்று இருந்ததாம். அப்போது பெரிய சண்டை எதுவும் இல்லாமல் சாமுராய்களில் பாதிப் பேர் எழுத்து வேலைதான் பார்த்தார்களாம். "நம்ம வீட்டு ஆள் மாதிரி, ஜன்னலுக்குப் பின்னாடி" என்றாள். அந்தக் காலத்தில் பிரபுக்கள் ஒரு வருஷம் சொந்த ஊரிலும் ஒரு வருஷம் தலைநகரிலும் மாறி மாறி இருக்க வேண்டும் என்று சட்டமாம். பிரபு கிளம்பினால் அவரிடம் வேலை பார்க்கும் சாமுராய்களும் மூட்டையைக் கட்ட வேண்டும். அவர்கள் பெண்டாட்டி பிள்ளைகள் ஊரிலேயே இருப்பார்கள். இதைச் சொல்லும்போது அவள் முகம் வேறு மாதிரி ஆகிவிட்டது.

மறுபடி எழுதினாள். எடோ காலம், பிரபுவோடு தலைநகர் போனவர்கள், இன்னின்னது படித்தேன் என்று எல்லாம் ஒழுங்காகப் போட்டு, ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: "ஊரில் இருந்தவர்கள், போகிறவரைப் பற்றி என்ன நினைத்தார்கள் என்று எங்காவது எழுதிவைத்திருக்கிறார்களா?" அன்றைக்கு அத்தான் முகத்தில் பல்பு எரிந்தது. "அந்த 'ஊசி' திரும்ப வந்துட்டாங்க. எவ்வளவு அழகாக் கேட்டிருக்காங்க பாரு" என்று செல்போனை அக்காவிடமே நீட்டினார். அவள் எழுதியதை அவளே வாங்கிப் படித்துவிட்டு, "ஆமா, நல்லா இருக்கு" என்று திருப்பிக் கொடுத்தாள். அப்புறம் என்னைத் தனியே கூப்பிட்டு, "என்னைப் பத்தி அவர் நல்லதாச் சொல்லி எவ்வளவு நாளாச்சு தெரியுமா?" என்றாள். அவள் சொன்ன விதத்தில் எனக்குக் கஷ்டமாகிவிட்டது.

குழுவில் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். போனவர்கள் எழுதிய நாட்குறிப்பு கிடைக்கிறது, என்ன சாப்பிட்டார்கள், எதைப் பார்த்தார்கள் என்றெல்லாம் இருக்கிறது. ஊரில் இருந்தவர்கள் எழுதியது குறைவு என்றார்கள். "இங்க இருக்கிறவர் மட்டும் என்னத்தை எழுதிட்டார்" என்று அக்கா முணுமுணுத்தாள். அத்தான் கீழே பணிவாக ஒரு குறிப்புப் போட்டிருந்தார்: "நல்ல கேள்வி. ஏன் கேட்கிறீர்கள் என்ற ஒரு வரி மட்டும் விடுபட்டிருக்கிறது. அது தெரிந்தால் நான் எங்கே தேடுவது என்று பார்க்கிறேன்."

அந்த ஒரு வரியை அக்கா நாள்கணக்கில் எழுதவில்லை. 'சும்மா' என்று போடு என்றேன். பொய் சொல்லக் கூடாது என்றாள். மறுநாள் கூடத்தில் பதில் சொல்லியாக வேண்டும் என்கிற சாயங்காலம், அடுப்பில் எதையோ வைத்துவிட்டு, மேடையில் சாய்ந்து நின்றுகொண்டு எழுத ஆரம்பித்தாள். நான் பக்கத்தில் காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். அத்தான் வாசலில் முக்காலியில் இருந்தார். எழுதி முடித்து என்னிடம் காட்டினாள்.

"ஒரு வருஷம் வேறு ஊருக்கு வேலைக்குப் போகலாமா என்று நாளைக்குள் நான் சொல்ல வேண்டும். எனக்கு ஆசையாக இருக்கிறது. வீட்டுக்காரர் 'உன் இஷ்டம்' என்றார். அதற்குமேல் கேட்க எனக்குத் தெரியவில்லை. அந்தக் காலத்தில் யாராவது வாய்விட்டுச் சொல்லியிருந்தால் அதைப் படித்தாவது தெரிந்துகொள்ளலாம் என்று கேட்கிறேன்."

"வேண்டாம்க்கா. குழுவே படிக்கும்" என்றேன்.

"படிக்கட்டும்" என்று அனுப்பிவிட்டாள்.

வாசலில் அவர் செல்போன் ஒரு சத்தம் போட்டது. அக்கா அடுப்பைக் குறைத்தாள், தேவையில்லாமல் ஒரு பாத்திரத்தைத் துடைத்தாள். முக்காலி நகர்கிற சத்தம் கேட்டது. அத்தான் சமையலறை வாசலில் வந்து நின்றார். ஒரு காலில் செருப்பு இருந்தது, எப்போது மாட்டினார் என்று அவருக்கே தெரிந்திருக்காது.

"எப்ப போகணும்?" என்றார். "தங்கறது எங்க? கூட யாரு இருப்பாங்க? சாப்பாட்டுக்கு என்ன பண்ணுவ? லீவு எப்பெப்பக் குடுப்பாங்க? ஒரு வருஷம்னா ஒரு வருஷம்தானா, இல்ல இழுத்துருவாங்களா? ராத்திரி பஸ்ல தனியா வருவியா? போயே ஆகணுமா?"

மூச்சு வாங்கினார். இத்தனை வருஷக் கேள்வியும் ஒன்றாக வந்து விழுந்தது. சந்தில் குனிந்து நிற்கிற எந்தப் பயணியும் இவ்வளவு மோசமாகக் கேட்டிருக்க மாட்டான்.

அக்கா திரும்பவில்லை. அடுப்பைப் பார்த்துக்கொண்டே, "ஒரு நேரத்துல ஒரு கேள்வி" என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்தது, ஆனால் சிரிக்கக் கூடாது என்று விதி இருக்கிறதே. அத்தான் யோசித்தார். ஜன்னலில் உட்கார்ந்து யோசிப்பது போலவே தலையைச் சாய்த்துக்கொண்டு, எந்தக் கேள்வியை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்று யோசித்தார்.

"போறது உனக்குப் பிடிச்சிருக்கா?"

"ஏன் கேக்கறீங்க?"

"பிடிச்சிருந்தா, போன்னு சொல்லணும்." காலில் இருந்த செருப்பைக் குனிந்து பார்த்தார். "எனக்குப் பிடிக்கல. அன்னைக்கே பிடிக்கல. சொன்னா நீ போக மாட்ட. அதான் உன் இஷ்டம்னு சொன்னேன்."

அக்கா அழுதுவிட்டாள். எனக்கும் கண் கலங்கியது, வெங்காயத்தின் மேல் பழியைப் போட்டுக்கொண்டேன். அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துவிட்டு, "இந்த ஒரு வரிக்கு நான் எழுநூறு வருஷம் படிக்க வேண்டியதாப் போச்சு" என்றாள்.

"எழுநூறும் படிச்சியா?" என்றார் அத்தான். அவருக்கு நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

"எடோ காலம் மட்டும்தான்." பிறகு அவர் பக்கம் திரும்பி, "பிடிச்சிருக்குங்க. போறேன்" என்றாள்.

அவர் தலையை ஆட்டினார். அழுதாரா என்று எனக்குத் தெரியாது, அதற்குள் போய்ச் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

அக்கா போனாள். எந்த பஸ், எந்த இருக்கை, வெயில் எந்தப் பக்கம் அடிக்கும், எங்கே இறங்கி மாறினால் சிரமம் இல்லை என்று எல்லாம் அத்தானே பார்த்துக் கொடுத்தார். இப்போதும் சாயங்காலம் செருப்பு அலமாரிப் பக்கத்தில்தான் உட்கார்கிறார். குழுவைத் திறப்பதற்கு முன் அக்காவைக் கூப்பிட்டு, இன்றைக்கு எத்தனை பேருக்கு ரத்தம் எடுத்தாய், புதுப் பெண்களில் யாருக்குக் கை நடுங்குகிறது என்று கேட்கிறார். கேள்வி ஒன்றும் அவ்வளவு நன்றாக அமைவதில்லை. அவள் அதையெல்லாம் பார்ப்பதில்லை.

கிளம்புகிற அன்று பஸ்ஸில் உட்கார்ந்துகொண்டே அவள் குழுவில் விதிப்படி வந்து, "எனக்குப் பதில் கிடைத்துவிட்டது, நன்றி" என்று எழுதிவிட்டுப் போயிருந்தாள். அதற்குக் கீழே பெரிய அமளி. என்ன பதில், யார் சொன்னது, எங்களுக்கே தெரியாத ஆதாரம் எது என்று ஆளாளுக்குக் கேட்டிருந்தார்கள். புலிகூட, சண்டையை ஒரு நாள் விட்டுவிட்டு, அந்த வீட்டுக்காரர் கடைசியில் என்னதான் சொன்னார் என்று கேட்டிருந்தார். அத்தான் அந்தக் கேள்வியை அழிக்கவில்லை, இன்னும் அங்கேதான் இருக்கிறது. மூடி மட்டும் வைத்திருக்கிறார். எந்த விதியின்படி என்று எழுதவில்லை.